தண்டம் என்னுஞ் சொல்

உடலை வருத்தி ஒறுத்தலைக் குறிக்கும் சொற்களுள் தண்டம் என்பது ஒன்று. வடமொழியில் இதன் முதற்பொருள் கோல் என்பதாம். கோலாற் செய்யப்படும் ஒறுத்தலுக்கு அது கருவியாகுபெயராயிற்று. பின்னர் அரசன் விதிக்கும் அபராதத்தையும், அவன் ஏவும் படையையும் உணர்த்திற்று. 14-ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தன் இருக்கைகளுள் ஒன்றாகக் கொண்ட போசள மன்னன் மூன்றாம் வல்லாளனுடைய படைத்தலைவர் தண்டநாயகர் எனப்பட்டமை இப்பொருள் பற்றியே. தமிழில் ஒறுத்தல் என்னும் சொல் தொன்றுதொட்டு வழங்கவும், திருவள்ளுவனார் வெருவந்த செய்யாமை என்னும் 57-ஆம் அதிகாரத்தில் தண்டம் என்னும் சொல்லையும் எடுத்தாண்டனர். அளவிறந்த தண்டம் அரசனது வலியையே தேய்க்கும் என்பது ஆண்டு அவர் கருத்து.

தண்டத்துக்குரிய தெய்வம் இயமன். தண்டதரன் என்பது அவன் பெயர். திருவண்ணாமலையை வலம்வருவோர் தென்றிசையில் இயமலிங்கத்தை வணங்கிச் செல்வர். அஃது இயமனால் வழிபடப்பெற்றது என்பது தலமரபு. உயிர்களை ஒறுக்கும் கோலேந்தியவனும் ஆண்டுத் தொழுது நிற்கின்றான். நிலத்தில் வீழ்ந்து வணங்குதலைத் தண்டனிடுதல் என்றும், மக்கள் வழக்கில் தெண்டனிடுதல் என்றும் கூறுவர். கைவிட்ட கோல் நிலத்திற் கிடப்பதுபோல உடல் கிடத்தலின் அப்பெயர் வந்தது என்க.

அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் சுபக்கத்தில், சொல்வழி நில்லாத புதல்வரைப் பெற்றோர் வளாரால் அடித்தலை உவமை காட்டி, ஈசன் முனிவும் பரிவே என நிறுவினார். வளார் என்பது இளங்கொம்பு. மருத்துவன் சில நோயை அறுத்தும், சில நோயைப் பாலும் சருக்கரையும் கொடுத்தும் தீர்த்தலையும் மற்றோர் உவமையாக்கினார். இதனை மறக்கருணை என்பர் நம்மவர்.

இவ்வுவமையைக் காட்டி, பிள்ளைகளைப் பிரம்பால் அடித்தல் சாத்திரத்துக்கு ஒத்ததென்பாரும் உளர். அது பொருந்தாது. உவமை உலகில் நிகழ்வதை எடுத்துக் கூறுமேயன்றி, அதனைச் செய்க என விதியாது. அன்றியும், இறைவன் உயிரின் மலத்தையும் வினையையும் அளந்தறிந்து ஒறுப்பவன். நாமோ சினத்தின் வயப்பட்டுக் கோல் ஓங்குபவர். முற்றறிவில்லார் கையில் அத்தண்டம் கருணையாதல் யாங்ஙனம்?

திருவெம்பாவையைத் திருவண்ணாமலையில் அருளினார் எனப் போற்றப்படும் மாணிக்கவாசகர் பொருட்டு வையை பெருகிய ஞான்று, கரையடைக்க மண்சுமந்த பெருமான் பாண்டியன் பிரம்படியைத் தாமே ஏற்றார். அவ்வடி அடித்த அரசன்மேலும் எல்லா உயிர்கள்மேலும் பட்டது எனத் திருவிளையாடற் புராணம் கூறும். ஓருயிர்மேல் விழும் அடி, எவ்வுயிரிலும் நிற்கும் இறைவன்மேல் விழுவதாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இந்நாட்டில் நீதிமன்றங்கள் விதித்த கசையடி 1955-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பள்ளியில் மாணாக்கரை உடலால் ஒறுத்தலை 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் விலக்கிற்று. சைவ நன்மக்கள் இவற்றைப் புறத்தார் இட்ட ஆணை எனக் கருதற்க. சிவன் திருமுன் தண்டனிடப் பயின்ற கை, அவன் உறையும் உடம்பின்மேல் தண்டம் ஓங்கத் துணியாது.