வைரசும் அது பரவும் வழியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நோயின் காரணியைக் கண்டறிதலும் அந்நோய் பரவும் வழியைக் கண்டறிதலும் ஒன்றேயெனக் கருதப்படுவதுண்டு. ஆயின், இவ்விரண்டும் வெவ்வேறு அறிவுகள் என்பதையும், முன்னது பின்னதைத் தானே கொண்டுவருவதில்லை என்பதையும் வைரசு ஆய்வின் வரலாறு புலப்படுத்துகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாஸ்டர், கொக் ஆகியோரின் ஆய்வுகள் மருத்துவ உலகின் சிந்தனையை முற்றாக மாற்றியமைத்தன. 1882ஆம் ஆண்டில் காசநோயின் பற்றீரியாவைக் கொக் கண்டறிந்தபின், ஒவ்வொரு தொற்றுநோய்க்கும் நுணுக்குக்காட்டியிற் காணத்தக்கதும், வளர்ப்பூடகத்தில் வளர்க்கத்தக்கதுமான ஒரு நுண்ணங்கி இருத்தல் வேண்டும் என்னும் நம்பிக்கை வேரூன்றியது. அந்நம்பிக்கை பெருவெற்றிகளை ஈட்டியதனாலேயே, அதற்கு அடங்காத ஒன்றை ஏற்பது கடினமாயிற்று.

அத்தகைய ஒன்று புகையிலைத் தோட்டத்திலிருந்தே முதலில் வெளிப்பட்டது. ஒல்லாந்தின் வாகனிங்கன் நகரில் ஆய்வு நடாத்திய அடொல்ப் மாயர், இலைகளில் வெளிறிய புள்ளிகளைத் தோற்றுவிக்கும் நோயொன்றை ஆராய்ந்து 1886ஆம் ஆண்டில் அதற்கு 'மொசேக்கு நோய்' எனப் பெயரிட்டார். நோயுற்ற இலையின் சாற்றை நலமான செடியினுட் செலுத்தியபோது அதுவும் நோயுற்றது. ஆயினும் நுண்ணங்கி எதனையும் அவராற் பிரித்தெடுக்க இயலவில்லை. 1892ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் இவனோவ்ஸ்கி, பற்றீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் சம்பர்லன்ட் வடியினூடே செலுத்திய பின்னரும் அச்சாறு தொற்றும் தன்மையை இழக்கவில்லை எனக் கண்டார். கண்டும், அது பற்றீரியாவின் செயலே என்னும் கருத்தை அவர் கைவிடவில்லை.

அக்கருத்திலிருந்து விலகியவர் டெல்வ்ட் நகரின் பெயெரிங்க் ஆவார். வடித்த சாறு சிறிதளவே பல செடிகளை நோயுறச் செய்வதையும், அச்செடிகளின் சாறு மேலும் பலவற்றிற்கு நோயைத் தொற்றச் செய்வதையும் அவர் காட்டினார். வெறும் நஞ்சாயின் அது படிப்படியாக ஐதாகி வலுவிழந்திருத்தல் வேண்டும். எனவே அது பெருகுகின்றது. அதுவும் பிரிந்து வளரும் இழையங்களிலேயே பெருகுகின்றது என அவர் 1898ஆம் ஆண்டில் முடிவு செய்தார். நஞ்சு எனப் பொருள்படும் 'வைரசு' என்னும் இலத்தீன் சொல்லையே அவர் அதற்கு வழங்கினார். அதே ஆண்டில் லெப்லரும் புரொஷும் கால்நடைகளின் கால்வாய் நோய்க்கும் வடியை ஊடுருவும் காரணியொன்று உண்டு என நிறுவினர். காணப்படாத பொருளொன்றின் இருப்பு, அது தொற்றும் பாங்கிலிருந்தே இவ்வாறு உய்த்துணரப்பட்டது.

பெயெரிங்க் அதனை உயிருள்ள திரவமெனக் கொண்டமை பின்னர் பிழையாயிற்று. 1935ஆம் ஆண்டில் ஸ்ரான்லி புகையிலை வைரசைப் பளிங்குகளாகப் பிரித்தெடுத்தார். அவர் தூய புரதமெனக் கருதிய அப்பளிங்குகளில் நியூக்கிளிக்கமிலமும் உண்டென்பதைப் பௌடனும் பிரியும் அடுத்த ஆண்டில் காட்டினர். 1939ஆம் ஆண்டில் இலத்திரன் நுணுக்குக்காட்டி அதன் கோல் வடிவத்தைக் காட்டிற்று. அவ்வமிலம் தனித்தே நோயைத் தோற்றுவிக்கும் என்பது 1956ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. ஆகவே வைரசு என்பது புரத உறையுள் அடங்கிய மரபுச் செய்தியாகும். சில வைரசுகள் இதன்மேற் கொழுப்புறையும் உடையன. விருந்து வழங்கியின் கலத்தினுட் புகுந்து, அக்கலத்தின் பொறிமுறையைக் கொண்டே அது தன்னைப் பெருக்குகின்றது. கலத்திற்கு வெளியே அது உண்பதுமில்லை, வளர்வதுமில்லை, தானாக இடம்பெயர்வதுமில்லை. ஆதலின் ஒரு விருந்து வழங்கியிலிருந்து மற்றொன்றை அடைவதற்கு அது பிறிதொன்றையே நம்பியிருத்தல் வேண்டும். புகையிலை வைரசுக்குத் தோட்டத் தொழிலாளரின் கையும் கருவியும், விசர்நாய் நோய்க்கு விலங்கின் உமிழ்நீர், இளம்பிள்ளைவாதத்திற்கு மலத்தால் மாசுற்ற நீரும் உணவும் அவ்வாறு உதவுகின்றன.

இவ்வழியை அறிவதன் பயனை மஞ்சட் காய்ச்சலின் வரலாறு தெளிவாக்குகின்றது. நுளம்பே இந்நோயைக் காவுகின்றது எனக் கியூபாவின் மருத்துவர் கார்லோஸ் பின்லே 1881ஆம் ஆண்டிற் கூறியதைப் பலரும் பொருட்படுத்தவில்லை. 1900ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவ மருத்துவர் வோல்ற்றர் றீட் தலைமையிலான குழு அதனைச் சோதித்தது. நோயாளரின் அழுக்கடைந்த படுக்கைகளிற் பல இரவுகள் உறங்கிய தொண்டர்கள் நலமாயிருந்தனர். நோயாளரைக் கடித்த நுளம்புகளாற் பின்னர் கடிக்கப்பட்டோர் நோயுற்றனர். குழுவின் உறுப்பினரான லாசியர் அந்நோய்க்கே பலியானார். நுளம்பு ஒழிப்பின் பயனாக, 1901ஆம் ஆண்டு முடிவதற்குள் அவானா நகரம் அந்நோயிலிருந்து ஏறத்தாழ விடுபட்டது. அந்த வைரசோ 1927ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்டது. காரணி கைக்கு எட்டுமுன் அதன் வழி அடைபட்டது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இதற்கு மறுதலையான நிலை 2020ஆம் ஆண்டிற் காணப்பட்டது. புதிய கொரோனா வைரசின் மரபுத் தொடர், நோய் பற்றிய செய்தி உலகிற்கு எட்டி இரு வாரங்களுக்குள் வெளியாயிற்று. ஆயின், அது அருகிலேயே விழுந்துவிடும் பெருந்துளிகளாற் பரவுகின்றதா, காற்றில் நெடுநேரம் மிதக்கும் நுண்துளிகளாலும் பரவுகின்றதா என்னும் வினாவிற்கு உலக சுகாதார நிறுவனம் தெளிவான விடை கூற 2021ஆம் ஆண்டு வரை சென்றது. அதுவரை மேசைகளையும் கதவுப்பிடிகளையும் துடைப்பதிற் காட்டிய அக்கறை, மூடிய அறைகளின் காற்றோட்டத்திற் போதியளவு காட்டப்படவில்லை.

காரணியின் ஒவ்வோர் எழுத்தையும் வாசிக்கும் ஆற்றலை இந்நூற்றாண்டு பெற்றுள்ளது. எனினும் அது ஒருவரிடமிருந்து மற்றவரை எவ்வாறு அடைகின்றது என்பதைத் தனியே வினவிச் சோதித்தல் இன்றியமையாததாகவே உள்ளது. அவானாவிற் செய்யப்பட்டது அதுவே. உயிர்களைக் காத்ததும் அதுவே.