அப்பாவின் எக்ஸ்-10 அட்டையும் ஒரு கொல்லிமலை ரெஸ்யூமும்

போன மாசம் கொல்லிமலைக்குப் போனது அறப்பளீஸ்வரர் கோயில் கல்வெட்டுகளைப் பார்க்க. 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி செம்மேட்டில் தங்கிய வீட்டில் வேறொரு ஆராய்ச்சி காத்திருந்தது. வீட்டுக்காரரின் மகள், பி.காம். முடித்தவர், தன் ரெஸ்யூமை நீட்டினார். "நாப்பது கம்பெனிக்கு அனுப்பிட்டேன் சார். ஒருத்தர்கூட கூப்பிடல. என்ன தப்புன்னு பாருங்க."

பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு பத்தி, வண்ணக் கோடு, திறமைகளுக்குப் பதில் நட்சத்திரம் போட்ட படம். அந்தப் பி.டி.எஃப்.பில் உள்ள எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிக் காட்டினேன். இடது பத்தியும் வலது பத்தியும் வரிக்கு வரி கலந்து கிடந்தன. படத்தில் இருந்த திறமைகள் எதுவுமே வரவில்லை. சலிக்கும் மென்பொருள் பலவற்றின் கண்ணுக்குப் படுவது ஏறக்குறைய இதுதான்.

அப்போது அப்பாவின் எக்ஸ்-10 அட்டை ஞாபகம் வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தால் நம் கையில் தருவார்களே, அது. அலுவலகத்தில் இருப்பது எக்ஸ்-1.

இந்த ஏற்பாடு 1945-ல், போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. 1948-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 1956 நவம்பர் 1 முதல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. காலியிடங்களைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற 1959-ம் ஆண்டுச் சட்டம் 1960 மே 1-ல் அமலானது.

இதன் உயிர்நாடி ஒரு எண். தேசியத் தொழில் வகைப்பாடு என்ற புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு அட்டையிலும் எழுத்தர் ஓர் எண்ணை எழுதுவார். அனுபவமே இல்லாத புதியவர்களுக்கு எக்ஸ் என்று தொடங்கும் பிரிவு. தட்டச்சர் வேண்டும் என்று கடிதம் வந்தால், தட்டச்சர் எண் உள்ள அட்டைகளை எடுத்து, பதிவு மூப்புப்படி பெயர்களை அனுப்புவார்கள். எண் இல்லையென்றால், நீங்கள் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் அட்டை வெளியே வராது.

அப்பா எஸ்.எஸ்.எல்.சி.யோடு பதிந்தவர். டைப்ரைட்டிங் ஹையர் பாஸானதும் மறுநாளே பஸ் பிடித்துப் போய் அதைச் சேர்த்துவிட்டு வந்தார். கூடுதல் தகுதிக்கு மூப்பு, பதிந்த நாளிலிருந்துதான். ஒரு நாள் தள்ளினால் வரிசையில் ஒரு நாள் பின்னால்.

1980-களின் இறுதியில் அமெரிக்காவில் ரெசுமிக்ஸ் போன்ற மென்பொருள்கள் ரெஸ்யூமை ஸ்கேன் செய்து சொற்களைத் தேட ஆரம்பித்தன. எண்ணின் இடத்தில் சொல் வந்தது, எழுத்தரின் இடத்தில் கணினி. மற்றபடி தர்க்கம் அதேதான். ரெஸ்யூமை எல்லாம் இயந்திரமே நிராகரித்துவிடுகிறது என்பது முழு உண்மையில்லை. பெரும்பாலும் தேடும் ஆளின் பட்டியலில் நம் பெயர் மேலே வராது, அவ்வளவுதான். விளைவு என்னவோ ஒன்றுதான்.

"வேலை பார்த்த அனுபவம் ஏதாவது உண்டா?" என்று கேட்டேன். "இல்ல சார். சுயஉதவிக் குழு மில்லுல கணக்கு மட்டும் எழுதுவேன்." சாமை, தினை வரத்து, அரைத்த எடை, இருப்பு, பில், எல்லாமே எக்செல்லில். மூன்று வருஷமாக. ரெஸ்யூமில் அதற்கு ஒரு வரிகூட இல்லை! தன்னைத்தானே எக்ஸ் பிரிவில் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிரவே உட்கார்ந்து மாற்றினோம். ஒரே பத்தி. படம், அட்டவணை கிடையாது. தலைப்புகள் கல்வி, அனுபவம், திறன் என்று வழக்கமானவை. போன் நம்பரைப் பக்கத்தின் மேல்விளிம்பிலிருந்து உள்ளே கொண்டுவந்தோம். விளம்பரத்தில் 'இருப்புக் கணக்கு' என்று கேட்டிருந்தால், அவர் செய்த வேலைக்கும் அதே சொல். செய்யாததை ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. பிறகு மறுபடியும் நோட்பேடில் ஒட்டிப் படித்துப் பார்த்தோம்.

ஒன்றுதான் உறுத்துகிறது. அப்பாவுக்குத் தன் எண் தெரியும். அட்டையிலேயே இருந்தது. தப்பென்றால் கவுண்டரில் கேட்கலாம். இந்தப் பெண்ணுக்கு நாற்பது இடத்திலும் எந்தச் சொல் இல்லாமல் போனது என்று யாரும் சொல்லவில்லை. கேட்க ஒரு கவுண்டரும் இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய எக்ஸ்-10 இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள எண்களைப் படித்துவிட்டு உங்கள் ரெஸ்யூமைத் திறங்கள். நீங்கள் செய்த எந்த வேலைக்கு இன்னும் எண் போடாமல் இருக்கிறீர்கள்?