பிட்டு அப்பையா

பெங்களூரில் பிறந்த பாப் பாடகர், இசையமைப்பாளர், இசைத்தட்டுத் தயாரிப்பாளர், குடகு மரபினர். ‘பிட்டு’ என்ற ஒற்றைப் பெயராலேயே அறியப்படுபவர். பிறந்த ஆண்டை 1944 என்பாரும் 1945 என்பாரும் உண்டு. இளமைக் காலத்துக்கு முதன்மைச் சான்று 2010-இல் வெளிவந்த ‘மேட் இன் இந்தியா’ என்னும் அவருடைய தன்வரலாறே.

இலங்கை வானொலியில் ஆங்கிலப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர், 1960களில் நண்பர்களுடன் ‘ட்ரோஜன்ஸ்’ குழுவைத் தொடங்கினார். ஆங்கில பாப் பாடிய முதல் இந்தியக் குழுக்களுள் ஒன்றாக இதைச் சொல்வதுண்டு. எது முதல் என்று அறுதியிடுவது கடினம். குழு கலைந்தபின் பம்பாய் மேடைகளில் தனியாளாகப் பாடினார். அப்போதும் பழைய பெயரை விட மனம் வராமல் ‘லோன் ட்ரோஜன்’ என்றே தம்மை அழைத்துக்கொண்டார்.

1967-இல் மத்தியக் கிழக்கு நாடுகள் வழியாக இங்கிலாந்து சென்றார். கைக்குக் கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே இசைத்துறையில் நுழைந்தார். 1969-இல் ஜப்பானின் ‘தி டைகர்ஸ்’ குழுவுக்கு ‘ஸ்மைல் ஃபார் மீ’ பாடலைத் தயாரித்தார். பாடகராகவும் சில தட்டுகள் வெளியிட்டார், அவை எடுபடவில்லை.

அவர் பெயர் நிலைத்தது 1974-இல். ஜமைக்காவில் பிறந்த கார்ல் டக்ளஸைப் பாடவைத்து ஒரு தட்டுப் பதிவு செய்ய ஸ்டுடியோவில் கிடைத்த நேரம் மூன்று மணி. இரண்டு மணிக்கு மேல் முதல் பக்கத்துப் பாடலுக்கே போயிற்று. பின்பக்கத்தை நிரப்ப ஏதாவது வேண்டுமே என்று, டக்ளஸ் எழுதி வைத்திருந்த ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ வரிகளைக் கையில் எடுத்தனர். பின்பக்கம்தானே என்ற அலட்சியத்தில் ‘ஹூ’, ‘ஹா’ என்ற கத்தல்களைத் தாராளமாகச் சேர்த்தனர். பத்தே நிமிடத்தில் பதிவு முடிந்தது என்பது பிட்டுவின் கூற்று. கேட்ட நிறுவனத்தார் பக்கத்தை மாற்றி, இதையே முதல் பாடலாக்கினர். அந்தச் செப்டம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அது முதலிடம் பெற்றது. விற்பனை 90 இலட்சம் என்றும் 1 கோடியே 10 இலட்சம் என்றும் கணக்குகள் வேறுபடுகின்றன. டிஸ்கோவின் முன்னோடி என்று சிலர் அவரைக் குறிப்பது இதைக் கொண்டே. அமெரிக்க இசை வரலாற்றாளர் எல்லாரும் இதை ஏற்பதில்லை. 1976-இல் டீனா சார்ல்ஸ் பாடிய ‘ஐ லவ் டு லவ்’ மீண்டும் பிரிட்டனில் முதலிடம் தந்தது.

இந்தித் திரையுலகுக்கு அவரை அழைத்தவர் நடிகரும் இயக்குநருமான ஃபெரோஸ் கான். அவரும் பெங்களூரில் பிறந்தவரே. கான் இயக்கிய ‘குர்பானி’ (1980) படத்தின் மற்ற பாடல்கள் கல்யாண்ஜி–ஆனந்த்ஜி இசை. ‘ஆப் ஜைசா கோயி’ மட்டும் பிட்டுவுடையது. லண்டனில் வளர்ந்த, கராச்சியில் பிறந்த நாசியா ஹசன் பதினைந்து வயதில் அதைப் பாடி ஃபிலிம்ஃபேர் விருது பெற்றார். பிட்டுவின் தயாரிப்பில் அவரும் தம்பி சோஹேபும் பாடிய ‘டிஸ்கோ தீவானே’ (1981) தொகுப்பு இந்திய–பாகிஸ்தான் எல்லையின் இருபுறமும் விற்றது. திரைப்படத்தைச் சாராத பாப் இசைக்கு இந்தியாவில் சந்தை உண்டு என்று காட்டிய தொகுப்பு இது.

பிட்டுவின் இசையில் 1995-இல் அலிஷா சினாய் பாடிய ‘மேட் இன் இந்தியா’, முதலில் நாசியாவுக்காக அமைக்கப்பட்டது என்றும், பாகிஸ்தானில் மனக்கசப்பு எழும் என்று அவர் மறுத்தார் என்றும் சொல்லப்படுகிறது. நாசியா 2000-இல் 35 வயதில் காலமானார்.

‘டிஸ்கோ தீவானே’ 2012-இல் ‘ஸ்டூடண்ட் ஆஃப் தி இயர்’ படத்திலும், ‘ஆப் ஜைசா கோயி’ 2022-இல் ‘ஆன் ஆக்‌ஷன் ஹீரோ’ படத்திலும் மறு ஆக்கம் செய்யப்பட்டன.