உலோகக் கடன் அட்டை: ஒரு வரலாற்று நோக்கு

நாணயம் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். கையில் புழங்கும் காசையும் அது குறிக்கும். சொன்ன சொல் தவறாத நேர்மையையும் குறிக்கும். ஒருவரை நாணயமானவர் என்றால், அவரிடம் காசு மிகுதி என்பது கருத்தன்று. அவரை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்பதே கருத்து. இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும் ஒரு சிறு பொருளின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம். அமெரிக்க நாட்டில் செல்வர்தம் அடையாளமாய் விளங்கும் உலோகக் கடன் அட்டையே அது.

கடன் அட்டைக்கு உலோகம் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அமெரிக்கப் பெருங்கடைகள் தம் வாடிக்கையாளர்க்குச் சிறு வில்லைகளை வழங்கின. செல்லுலாயிடிலும், பின்னர்ச் செம்பு, அலுமினியம், எஃகு ஆகியவற்றிலும் அவை செய்யப்பட்டன. கடையின் சின்னமும் வாடிக்கையாளரின் கணக்கு எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். பார்வைக்கு அது காசு போன்றது. சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ளத் துளையும் உண்டு. ஆயினும் அதனைக் கொண்டு வேறெங்கும் ஒன்றும் வாங்க இயலாது. 'இவர் நம் கணக்கில் உள்ளவர்' என்பதே அது சொன்ன செய்தி. பெயர் பொறிக்கப்படாமையால், கண்டெடுத்தவரும் அதனைக் காட்டிப் பொருள் வாங்கிவிடலாம் என்னும் குறை இருந்தது.

அக்குறையைப் போக்க வந்தது 'சார்ஜா-பிளேட்' என்னும் உலோகத் தகடு. 1930களிலிருந்து 1950களின் இறுதிவரை அது பெரிதும் வழங்கியது. வாடிக்கையாளரின் பெயரும் ஊரும் புடைப்பெழுத்தாக அதில் இருக்கும். கடைக்காரர் அதனை ஒரு பொறியில் வைத்து, மைத்தாளும் பற்றுச்சீட்டும் மேலிட்டு அழுத்துவார். எழுத்துகள் சீட்டில் பதியும். ஆக, அந்நாளில் உலோகம் இருந்தது உழைப்பதற்காக. அழுத்தம் தாங்க வேண்டும், எழுத்துத் தேயலாகாது என்பதே அதன் காரணம். பெருமைக்கு அதில் இடமில்லை.

1950ஆம் ஆண்டு ஃபிராங்க் மெக்நமாரா என்பார் நியூயார்க் நகரில் டைனர்ஸ் கிளப் அட்டையைத் தொடங்கினார். ஒரே கடையில் அன்றிப் பல உணவகங்களிலும் செல்லும் அவ்வட்டை வெறும் காகித அட்டைதான். உணவகத்தார் ஒவ்வொரு கணக்கிலும் 7 விழுக்காட்டை நிறுவனத்துக்குத் தரகாக விட்டுக்கொடுத்தனர். இத்தரகை வாசகர்கள் நினைவில் இருத்தவேண்டும். பின்னாளில் வந்த வெகுமதிகளுக்கெல்லாம் ஊற்று அதுவே. 1958இல் பாங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 பேருக்கு, அவர்கள் கேளாமலே அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது. முழுக் கடனையும் உடனே தீர்க்க வேண்டியதில்லை. வட்டியோடு சிறிது சிறிதாகத் தீர்க்கலாம் என்றது. அது 1976இல் விசா என்னும் பெயர் பெற்றது. 1959இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாஸ்டிக் அட்டையை வெளியிட்டபின், உலோகம் மெல்ல மறைந்தது.

அடுத்து வந்தது வெகுமதி. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், பறந்த தொலைவைக் கணக்கிட்டு இலவசப் பயணம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1987இல் சிட்டி வங்கி அதனோடு சேர்ந்து, அட்டையில் செலவிட்டாலே பயணப் புள்ளி கிடைக்குமாறு செய்தது. இடையில் டிஸ்கவர் அட்டை, செலவிட்ட தொகையில் 1 விழுக்காடு வரை ரொக்கமாகத் திருப்பித் தந்தது. செலவிடுதலே ஈட்டுதல் என்னும் புதிய எண்ணம் இவ்வாறு பரவிற்று.

1999இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வெளியிட்ட 'செஞ்சூரியன்' என்னும் கறுப்பு அட்டை, பின்னர் டைட்டானியத்தில் செய்யப்பட்டது. உலோகம் மீண்டும் வந்தது. ஆனால் உழைப்பதற்கன்று, ஒளிர்வதற்கு. பிளாஸ்டிக் அட்டை ஏறத்தாழ 5 கிராம். உலோக அட்டையோ 13 முதல் 18 கிராம். மேசையில் இடும்போது எழும் ஓசையே அதன் பயன் எனலாம். 2016 ஆகஸ்டில் சேஸ் வங்கி 'சஃபையர் ரிசர்வ்' அட்டையை வெளியிட்டபோது, சில நாள்களிலேயே உலோகத் தகடுகள் தீர்ந்து, பலருக்குத் தற்காலிகமாகப் பிளாஸ்டிக் அட்டை அனுப்பவேண்டியதாயிற்று. மூன்று மாதத்தில் 4,000 டாலர் செலவிட்டால் 1,00,000 புள்ளிகள் என்பதே ஈர்ப்பு. ரொக்கமாகக் கொண்டால் அது 1,000 டாலர். ஆண்டுக் கட்டணம் 450 டாலராகத் தொடங்கி, 2020இல் 550 ஆகி, 2025இல் 795 ஆயிற்று.

இவ்வட்டைகளை ஒப்பிடுவார் உலோகத்தை மறந்து கணக்கைப் பார்த்தல் நலம். 2021இல் கேபிடல் ஒன் நிறுவனம் வெளியிட்ட 'வென்ச்சர் எக்ஸ்' அட்டையைக் கொள்வோம். கட்டணம் 395 டாலர். ஒவ்வொரு டாலருக்கும் 2 புள்ளிகள். ஆண்டுக்கு 12,000 டாலர் செலவிடும் குடும்பத்துக்கு 24,000 புள்ளிகள் சேரும். பயணத்தில் அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 240 டாலர். அந்நிறுவனத்தின் வழியாகவே பயணச்சீட்டு வாங்குவார்க்கு மேலும் 300 டாலர் கழிவு உண்டு. ஆகவே அவர்க்கு ஊதியம். ஊரிலேயே இருப்பவர்க்கோ இழப்பு. 2019இல் வந்த ஆப்பிள் அட்டை கட்டணமற்றது. கைபேசி வழியே செலுத்தினால் அது 2 விழுக்காடு தரும். அதன் டைட்டானியத் தகட்டையே நீட்டினால் 1 விழுக்காடுதான். உலோகத்தின் உண்மை மதிப்பை அந்நிறுவனமே சொல்லிவிட்டது போலும்!

மேலும், இக்கணக்கெல்லாம் கடனைத் தவணைக்குள் முழுதும் தீர்ப்பவர்க்கே பொருந்தும். 2023இல் அந்நாட்டு அட்டைகளின் சராசரி வட்டி 20 விழுக்காட்டைத் தாண்டியது. 1,000 டாலர் செலவில் கிடைக்கும் வெகுமதி 20 டாலர். அக்கடனை இரு மாதம் நிலுவையில் விட்டால் வட்டி 33 டாலர். வெகுமதி வட்டிக்கு முன் நில்லாது.

எனில், வெகுமதியைக் கொடுப்பவர் யார்? வங்கியின் வள்ளன்மை அன்று. வணிகர் தரும் தரகும், கடன் தீர்க்க இயலாதார் கட்டும் வட்டியும், ஆண்டுக் கட்டணமும் சேர்ந்தே அது வருகிறது. வணிகர் தம் தரகை விலையில் ஏற்றுகிறார். அவ்விலையை ரொக்கம் கொடுப்பவரும் கொடுக்கிறார். ஆனால் அவர்க்குப் புள்ளி இல்லை. பாஸ்டன் நகர மைய வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் இதனைக் கணக்கிட்டனர். ரொக்கம் செலுத்தும் குடும்பம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 149 டாலரை அட்டைக் குடும்பங்களுக்கு மறைமுகமாக வழங்குகிறது என்றும், அட்டைக் குடும்பம் ஒவ்வொன்றும் 1,133 டாலர் பெறுகிறது என்றும் கண்டனர். பொதுவாக ரொக்கம் செலுத்துவோர் எளியோர் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

2000 செப்டம்பரில் ரியாத் நகரில் கூடிய அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இவ்வட்டைகளை ஆராய்ந்தது. வட்டி நிபந்தனையுள்ள அட்டையை மறுத்தது. வணிகரிடம் வங்கி தரகு பெறுவதை ஒப்பியது. ஆனால் ரொக்கத்துக்கு விற்கும் அதே விலைக்கே அட்டைக்கும் விற்கவேண்டும் என்று விதித்தது. கடனுக்காக விலை கூடலாகாது என்னும் எச்சரிக்கை அதில் புலனாகிறது. ஒரே விலை என்பது கடன் வாங்குவாரைக் காக்கிறது. அவ்விலையே உயர்ந்துவிடும்போது ரொக்கம் கொடுப்பாரைக் காப்பது எது என்னும் வினாவைப் பாஸ்டன் கணக்கு நம் முன் வைக்கிறது. கற்றோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

உலோக அட்டைகள் இன்று நம் நாட்டிலும் வழங்குகின்றன. அவற்றைக் கொள்வதும் விடுவதும் அவரவர் கணக்கைப் பொறுத்தது. கொள்வார், அதன் எடையைத் தம் தகுதியின் எடையாகக் கருதாதிருத்தல் போதும். பழைய வில்லை, வாங்கியவன் திருப்பித் தருவான் என்னும் நம்பிக்கைக்குச் சான்றாய் நின்றது. நாணயம் என்பது தகட்டில் இல்லை. தவணை நாளில் இருக்கிறது.