வருகைப் பதிவேடும் ஐபிஎம் வட்டும்



கைபேசியில் எதைச் சேமித்தாலும் அது எங்கே போய் உட்காருகிறது என்று நாம் கேட்பதில்லை. பழைய பெருங்கணினிகளில் அதை முன்கூட்டியே திட்டமிட்டாக வேண்டும்.

1956இல் ஐபிஎம் ராமாக் என்ற கணினியை வெளியிட்டது. அதன் வட்டில் 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள். அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்துகள்தான். ஆனாலும் பெரிய மாற்றம். காந்த நாடாவில் ஒன்றைத் தேட அதுவரை உள்ளதையெல்லாம் ஓட்டிக் கடக்க வேண்டும். வட்டில் நேரே போகலாம். இடம் மட்டும் தெரிய வேண்டும்.

1964இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 கணினியில், தட்டிலுள்ள ஒவ்வொரு வட்டப் பாதையும் ஒரு டிராக். மேலும் கீழுமாக நேராக அமைந்த டிராக்குகள் சேர்ந்து ஒரு சிலிண்டர். கோப்பு எழுதுபவர் இத்தனை டிராக் அல்லது இத்தனை சிலிண்டர் வேண்டும் என்று முதலிலேயே கேட்க வேண்டும். கணக்குத் தப்பி இடம் தீர்ந்தால், வேலை பாதியில் நின்றுவிடும். இன்றைய ஃபோல்டர் கிடையாது. எந்தக் கோப்பு எங்கே என்ற பட்டியல் ஒன்று வட்டிலேயே இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஐசாம் என்ற முறை. நம் வகுப்பு வருகைப் பதிவேடேதான்! பெயர்கள் அகரவரிசையில் இருக்கும், ஜூலையில் சேர்ந்த பிள்ளையின் பெயர் கடைசியில் போகும், டி.சி. வாங்கிப் போனவர் பெயரில் சிவப்புக் கோடு விழும். ஐசாமிலும் பதிவுகள் வரிசையாக இருக்கும். எந்த சிலிண்டர், எந்த டிராக் என்று அட்டவணை வழிகாட்டும். புதிய பதிவு நுழைந்து டிராக் நிரம்பினால், ஒரு பதிவு உபரிப் பகுதிக்குத் தள்ளப்படும். நீக்கிய பதிவு அழியாது. அடையாளம் மட்டும் இடப்படும். உபரி பெருகப் பெருகத் தேடுவது மந்தமாகும். அப்போது நாம் ஜூனில் புதுப் பதிவேடு போடுவதுபோல முழுக் கோப்பையும் மாற்றி எழுதுவார்கள்.

1970களில் வந்த விசாம், இடம் நிரம்பினால் பதிவுகளைத் தானே பிரித்து அடுக்கிக்கொண்டது. மனிதர் செய்த வேலை மென்பொருளுக்குப் போனது, வேலை மறையவில்லை.

ஒழுங்கு ஒரே நாளில் செய்து முடிப்பதல்ல, பிள்ளைகளே. யாரோ ஒருவர் அவ்வப்போது திருத்தி எழுதிக்கொண்டே இருப்பதால்தான், நாம் தேடியது உடனே கிடைக்கிறது. உங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.