புதிய ஆசிரியர்களைத் தக்கவைத்தல்: அரச பாடசாலைகளின் புகுமுகத் திட்டங்களும் எமது தமிழ்ப் பாடசாலைகளும்

இங்கிலாந்தின் அரச பாடசாலைகளில் புதிதாகச் சேரும் ஆசிரியர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் முதல் ஆண்டோடு விலகிவிடுகிறார். ஐந்து ஆண்டுகள் கழிந்து பார்த்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அங்கே இல்லை. சம்பளம், வேலைப்பளு, பிள்ளைகளின் நடத்தை என்று காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. அவற்றோடு இந்தத் தொழிலுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. புதிதாக வரும் மருத்துவரிடம் முதல் நாளே ஒரு விடுதி முழுவதையும் யாரும் தனியே ஒப்படைப்பதில்லை. ஆசிரியர் மட்டும் முதல் நாளிலேயே இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர் செய்யும் அதே வேலையை, கதவு மூடிய அறைக்குள் தனியாக நின்று செய்ய வேண்டியிருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இல் எழுதிய நூலில் இதைச் சுட்டிக்காட்டினார். இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

இந்த விடயம் எமக்கு இரண்டு வழிகளில் நெருக்கமானது. புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்த எமது பிள்ளைகள் பலர் இன்று அந்நாடுகளின் பாடசாலைகளிலேயே ஆசிரியர்களாகச் சேர்கிறார்கள். அத்தோடு, வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளை முப்பது ஆண்டுகளாகத் தாங்கிவரும் முதல் தலைமுறை ஆசிரியர்கள் ஓய்வுபெறும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களின் இடத்துக்கு வருகின்ற இளையவர்களோ ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டுகளில் காணாமற் போகிறார்கள். அரச பாடசாலைகள் இதற்கு என்ன செய்தன, அவற்றில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்த்தால் எமக்கும் பயன்படும்.

இங்கிலாந்தில் உள்ள ஏற்பாடு

புதிய ஆசிரியரைத் தொழிலுக்குள் கைபிடித்து அழைத்துவரும் காலத்தை ஆங்கிலத்தில் இன்டக்ஷன் என்பார்கள். நாம் இங்கே புகுமுகக் காலம் என்கிறோம். இங்கிலாந்தில் இருந்துவந்த தகுதிகாண் ஆண்டு 1992இல் கைவிடப்பட்டது. ஏழு ஆண்டுகள் எதுவும் இல்லாமல் ஓடின. 1999இல் ஓராண்டுப் புகுமுகக் காலம் சட்டப்படி வந்தது. 2021 செப்ரெம்பரில் அது இரண்டு ஆண்டுகளாக, அதாவது ஆறு தவணைகளாக நீட்டப்பட்டது.

உங்கள் மகளோ மகனோ அங்கே ஓர் அரச பாடசாலையில் பணி தொடங்கினால், முதல் ஆண்டில் நேரசூசியில் 10 வீதமும் இரண்டாம் ஆண்டில் 5 வீதமும் குறைக்கப்பட வேண்டும். பாடத் தயாரிப்புக்கும் திருத்தலுக்கும் எல்லா ஆசிரியர்களுக்கும் உள்ள 10 வீத நேரத்துக்கு மேலதிகமாகவே இது. அந்த நேரத்தில் வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்க்கச் சொல்லி அனுப்பக்கூடாது. அப்படி அனுப்புகிற பாடசாலைகள் உண்டு என்பதும், புதியவர் வாய் திறக்கத் தயங்குவார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

அதைவிட முக்கியமான ஏற்பாடு ஒன்று உண்டு. புதியவருக்கு இரண்டு பேர் நியமிக்கப்படுகிறார்கள். ஒருவர் வழிகாட்டி ஆசிரியர். வகுப்பைப் பார்ப்பதும், வாராவாரம் அல்லது அடிக்கடி இருந்து பேசுவதும், அடுத்த பாடத்தைச் சேர்ந்து திட்டமிடுவதும் அவர் வேலை. மற்றவர் புகுமுகக் காலப் பொறுப்பாளர். முன்னேற்றத்தைப் பார்த்து அறிக்கை எழுதுபவர் அவர். விசேட சூழ்நிலை தவிர இந்த இரண்டு வேலையும் ஒருவரிடமே இருக்கக்கூடாது. காரணம் எளிது. உங்களுக்குத் தேர்ச்சி உண்டா இல்லையா என்று எழுதப்போகிறவரிடம் போய், “ஒன்பதாம் வகுப்பு என் சொல் கேட்பதில்லை, என்ன செய்வது?” என்று எவரும் மனம் திறந்து கேட்கமாட்டார்.

முறையான மதிப்பீடு ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் ஒன்றாக இரண்டு. இடைத்தவணைகளில் முன்னேற்ற மீளாய்வு நடக்கும். ஓர் ஆண்டில் 30 நாட்களோ அதற்கு மேலோ பணிக்கு வராதிருந்தால் புகுமுகக் காலமும் அதற்கேற்ப நீளும். பகுதிநேரமாக வேலை செய்பவருக்கும் அப்படியே. தேர்ச்சி பெறாதவர் இதனை மீண்டும் ஒருமுறை செய்ய முடியாது. மேன்முறையீடு மட்டுமே உண்டு, அதற்கு 20 வேலை நாட்கள்தான் அவகாசம். எனவே நேரக்குறைப்போ வழிகாட்டியோ கிடைக்காவிட்டால் இரண்டு ஆண்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது ஆபத்தானது. முதலில் பாடசாலைக்குள் பொறுப்பாளரிடமும் அதிபரிடமும் சொல்ல வேண்டும். அதன்பின் வெளியே இருந்து தரம் பார்க்கின்ற அமைப்பிடம் போகலாம். அங்கே யாருடன் பேசுவது என்ற பெயர் தொடக்கத்திலேயே புதியவருக்குத் தரப்பட்டிருக்க வேண்டும். சொன்னதற்கும் எப்போது சொன்னார் என்பதற்கும் மின்னஞ்சல் இருப்பது நல்லது.

2021இல் வந்த திட்டம் குறையற்றது அல்ல. பயிற்சிக் கல்லூரியில் படித்ததையே திரும்பவும் படிக்க வைக்கிறார்கள் என்றும், வழிகாட்டிகளுக்கே நேரம் இல்லை என்றும் தொடக்கம் முதல் முறைப்பாடுகள் எழுந்தன. ஆரம்பப் பயிற்சிக்கும் புகுமுகக் காலத்துக்கும் தனித்தனியாக இருந்த பாடத்திட்டங்களை ஒன்றாக்கி, 2025 செப்ரெம்பரிலிருந்து அரசாங்கம் அதனைத் திருத்தி அமைத்திருக்கிறது. நேரக்குறைப்பும் வழிகாட்டியும் அப்படியே தொடர்கின்றன.

ஸ்கொட்லாந்து வேறு வழியில் போனது. 2002 முதல் அங்கே, அந்நாட்டில் பயிற்சி முடித்த புதிய ஆசிரியருக்கு ஓராண்டுப் பணியிடம் உறுதிப்படுத்தப்படுகிறது. தொடக்கத்தில் அவரது கற்பித்தல் நேரம் முழுநேர ஆசிரியரின் 70 வீதமாக இருந்தது. பின்னர் 82 வீதம் ஆக்கப்பட்டது. இன்றும் அது தாராளமானதே. ஆனால் அந்த ஓராண்டுக்குப் பின் நிரந்தர இடம் கிடைக்காமல் அலைபவர்கள் அங்கே ஏராளம். ஓர் ஆண்டு தாங்கிப் பிடித்துவிட்டு மறு ஆண்டு கைவிட்டால் அதனைத் தக்கவைத்தல் என்று சொல்ல முடியாது.

கனடாவில், எம்மவர் அதிகமாக வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில், 2006ஆம் ஆண்டிலிருந்து புதிய ஆசிரியர் புகுமுகத் திட்டம் நடைபெறுகிறது. பாடசாலைச் சபையின் அறிமுகம், வழிகாட்டி ஆசிரியர், தொழிற்பயிற்சி, அதிபர் செய்யும் இரண்டு மதிப்பீடுகள் ஆகியவை அதில் அடங்கும். இரண்டும் திருப்தி என்றால் ஆசிரியர் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் அது குறிக்கப்படும். மதிப்பீட்டில் வழிகாட்டிக்குப் பங்கில்லை. இங்கிலாந்தைப் போல நேரசூசிக் குறைப்பு சட்டத்தில் இல்லை. பதிலாக, வழிகாட்டியும் புதியவரும் வகுப்பிலிருந்து விடுபட்டுச் சேர்ந்து வேலை செய்யச் சில நாட்கள் ஒதுக்கப்படுகின்றன. நிரந்தர நியமனத்துக்கு முன்னர் பதில் ஆசிரியராகவே பலர் தொடங்குவதால், நீண்டகாலப் பதில் ஆசிரியர்களும் பின்னர் இத்திட்டத்துக்குள் சேர்க்கப்பட்டனர். ரொறன்ரோவில் இப்படித் தொடங்கும் எமது பிள்ளைகள், தமக்கு அந்தத் தகுதி உண்டா என்று சபையிடம் தாமாகவே கேட்டுப் பார்க்க வேண்டும். அழைப்பு வரும் என்று காத்திருப்பது உசிதமல்ல.

எது பலிக்கிறது?

இதைப் பற்றிய ஆய்வுகளில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது ரிச்சர்ட் இங்கர்சோல், தோமஸ் ஸ்மித் ஆகியோர் 2004இல் வெளியிட்டது. 1999-2000 கல்வியாண்டில் அமெரிக்கா முழுவதும் எடுக்கப்பட்ட ஆசிரியர் கணக்கெடுப்பை அவர்கள் பயன்படுத்தினார்கள். வழிகாட்டி அதே பாடத்தைக் கற்பிப்பவராக இருந்தபோது, முதல் ஆண்டின் முடிவில் புதியவர் விலகும் வாய்ப்பு 30 வீதம் அளவில் குறைந்தது. அதே பாட ஆசிரியர்களோடு சேர்ந்து திட்டமிட நேரம் இருந்தபோது 43 வீதம் அளவில் குறைந்தது. வேறு பாட வழிகாட்டியால் கிடைத்த பயன் இவற்றைவிடக் குறைவு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்கக் கல்வித் திணைக்களத்துக்காகப் பின்னர் 17 பாடசாலை மாவட்டங்களில் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. இறுதி அறிக்கை 2010இல் வந்தது. விரிவான புகுமுகத் திட்டம் பெற்றவர்களும் வழமையான உதவி மட்டும் பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் பணியில் நின்றார்கள். இரண்டு ஆண்டுகள் முழுமையாக உதவி பெற்ற ஆசிரியர்களின் மாணவர்கள் மூன்றாம் ஆண்டில் கூடுதலாகக் கற்றிருந்தது மட்டுமே தெரிந்த நன்மை. ஆகவே திட்டத்துக்கு ஒரு பெயர் வைத்துக் கோப்பு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் ஆசிரியர் நின்றுவிடுவார் என்று நம்ப இடமில்லை. அதே வகுப்பை, அதே பாடத்தை அறிந்த ஒருவர், பேசுவதற்கு நேரத்தோடு பக்கத்தில் இருக்கிறாரா என்பதே கேள்வி.

எமது சனிக்கிழமை வகுப்புகளில்

பிரான்சின் தமிழ்ச்சோலைகள், நோர்வேயின் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம், சுவிற்சர்லாந்து, யேர்மனி, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா என எங்கும் எமது சமூகம் கட்டி எழுப்பிய தமிழ்ப் பாடசாலைகள் உண்டு. நிர்வாகம் நாட்டுக்கு நாடு வேறுபடும். புதிய ஆசிரியர் வந்து சேரும் விதம் மட்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. அவர் அதே பாடசாலையில் மேல்வகுப்பு வரை படித்தவர், வயது இருபது, இருபத்திரண்டு. செப்ரெம்பர் முதலாவது சனிக்கிழமை பாடநூலும் வரவுப் பதிவேடும் கையில் கொடுக்கப்படும். வகுப்பறை இன்னொரு பாடசாலையிடம் வாடகைக்கு எடுத்தது. சுவரில் உள்ளதைத் தொடக்கூடாது, மேசைகளை மாற்றினால் திரும்ப வைக்க வேண்டும். முன்னால் பதினைந்து பிள்ளைகள். நான்கு பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், ஆறு பேருக்குக் கேட்டால் விளங்கும், மிச்சப்பேருக்கு “உட்காருங்கோ” என்றாலும் திகைப்பு. பாடநூல் எல்லோருக்கும் ஒன்று.

வாசலில் நிற்கும் பெற்றார் அவரைக் குழந்தையாகக் கண்டவர்கள். “பிள்ளை, என்ர மகனுக்கு இன்னும் ஆனா ஆவன்னா சரியா வரயில்லை” என்று அன்போடுதான் சொல்வார்கள். ஆசிரியர் அறையிலோ, தான் நேற்றுவரை ரீச்சர் என்று அழைத்தவர்களோடு இருந்து தேநீர் குடிக்கவே கூச்சம். இந்த நிலையில் ஆண்டுவிழாவுக்கு ஒரு நடனமும் ஒரு நாடகமும் பழக்கும் பொறுப்பும் அவரிடமே வரும், இளம்பிள்ளை ஓடியாடிச் செய்யும் என்று. தை மாதம் வரை தாக்குப்பிடித்தால் பெரிய காரியம்.

அவர் விலகும்போது காரணம் கேட்டால் பல்கலைக்கழகப் படிப்பு, வேலை என்று சொல்வார். பொய்யல்ல. ஆனால் அதே படிப்போடும் வேலையோடும் விளையாட்டுக் கழகத்துக்குப் போக நேரம் இருக்கிறது. இளையவர்களுக்குத் தமிழில் பற்றில்லை என்று இதனை விளக்கிவிடுவது எமக்கு வசதியான விளக்கம். ஊதியமில்லாமலோ பயணச் செலவுக்கோ சனிக்கிழமை காலையைத் தர முன்வந்தவரிடம் பற்று இல்லை என்பது நியாயமுமல்ல.

எமது மூத்த ஆசிரியர்களிற் சிலர் ஊரில் முறையாகப் பயின்றவர்கள். கோப்பாய் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை போன்ற இடங்களில் பாடக்குறிப்பு எழுதி, விரிவுரையாளர் பின்வாங்கில் இருந்து பார்க்க, கற்பித்துக் காட்டித் தேறியவர்கள். பின்னர் வந்த தேசிய கல்வியியற் கல்லூரிகளில் இரண்டு ஆண்டுகள் கல்லூரியிலும் மூன்றாம் ஆண்டு பாடசாலை ஒன்றிலும் பயிற்சி நடக்கும். பிறர் பார்க்கக் கற்பிப்பதும், பிறகு குறைநிறை பேசுவதும் அவர்களுக்குப் புதியதல்ல. இந்த அறிவு எமது சனிக்கிழமைப் பாடசாலைகளில் பெரும்பாலும் பயன்படாமலே கிடக்கிறது.

வழிகாட்டுவது ஒருவழிப் பாதையாக இருக்கவும் வேண்டியதில்லை. ஊரில் பயின்ற முறை தமிழைப் பேசிக்கொண்டே வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு உரியது. இங்கே பிறந்த பிள்ளைக்குத் தமிழ் பல வேளைகளில் இரண்டாம் மொழி. “ழ” எங்கே சிக்குகிறது, எந்த உதாரணம் சிரிப்பை வரவழைக்கும், எப்போது நோர்வேஜிய மொழியிலோ பிரெஞ்சிலோ ஒரு சொல் சொல்லி விளக்கலாம் என்பதெல்லாம் இளைய ஆசிரியருக்கு இயல்பாகத் தெரியும். மூத்தவருக்கு இலக்கணமும் வகுப்பை நடத்தும் நிதானமும் தெரியும். இருவரும் முதல் தவணை முழுவதும் ஒரே வகுப்பில் நின்றால் இருவருக்கும் இலாபம். முதல் சில வாரங்கள் இளையவர் பத்து நிமிடம் மட்டும் எடுக்கலாம், கதை சொல்லலோ சொற்பயிற்சியோ. மார்கழிக்குள் முழுப்பாடமும் அவர் கைக்கு வரும்.

வழிகாட்டியாக நிர்வாகசபை உறுப்பினரைப் போடாமல் இருப்பது நல்லது. எமது பாடசாலைகளில் நிர்வாகி, மதிப்பீட்டாளர், தாயின் சிநேகிதி எல்லாம் சில வேளை ஒரே ஆள். அவரிடம் இளையவர் “எல்லாம் நல்லாப் போகுது அன்ரி” என்றுதான் சொல்வார். பெற்றாரின் முறைப்பாடு முதல் ஆண்டில் வழிகாட்டி ஊடாகவே புதியவரிடம் போகட்டும். மிகக் கடினமான வகுப்பை, அது நான்கு வயதுக்காரரானாலும் பதினான்கு வயதுக்காரரானாலும், கடைசியாக வந்தவர் தலையில் கட்டும் வழக்கமும் நிற்க வேண்டும். ஆண்டுவிழாப் பொறுப்பு இரண்டாம் ஆண்டில் வரலாம்.

பிள்ளைகளோடு பணியாற்றுபவருக்குத் தேவையான பொலிஸ் சான்று, காப்புறுதிப் படிவம் போன்றவற்றை முடித்துவிட்டு அறிமுகம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் பாடசாலைகளும் உண்டு. அவை வேண்டியவைதான். ஆனால் வகுப்புக்குள் அவை உதவுவதில்லை. அங்கே உதவுவது போன ஆண்டு ஆசிரியர் எழுதிவைத்த இரண்டு பக்கக் குறிப்பு: எந்தப் பிள்ளை எதுவரை வாசிக்கும், யாரை யாருக்குப் பக்கத்தில் இருத்தக்கூடாது, பாடநூலில் எந்தப் பாடம் இழுபடும், எதைத் தாண்டலாம். ஆடி மாதம் பாடசாலை மூடுவதற்கு முன் ஒவ்வோர் ஆசிரியரிடமும் இதைக் கேட்டு வாங்கிவிடலாம்.

இவை எதற்கும் பெரிய பணம் வேண்டாம். ஆள்தான் வேண்டும். முழங்கால் வலி, தூரம், பேரப்பிள்ளை என்று வகுப்பு எடுப்பதை நிறுத்திக்கொண்ட மூத்த ஆசிரியர்கள் ஒவ்வொரு நகரத்திலும் இருக்கிறார்கள். ஓர் ஆண்டு முழுவதும் வகுப்பை ஏற்கச் சொன்னால் மறுப்பார்கள். ஒரு தவணைக்கு, ஒரு வகுப்பில், ஒரு புதிய ஆசிரியரின் பக்கத்தில் கதிரை போட்டு இருக்க வருவீர்களா என்று ஆவணி மாதமே தொலைபேசி எடுத்துக் கேட்டால் வரக்கூடியவர்கள் அவர்களுள் உண்டு.