கல்பாசிக்குச் சம்பளம் இல்லை

செட்டிநாட்டுக் குழம்புக்கும் பிரியாணிக்கும் தாளிக்கும்போது போடுகிறோமே கல்பாசி, அது பூவும் அல்ல, வெறும் பாசியும் அல்ல. பூஞ்சை ஒன்றும் பாசி ஒன்றும் நடத்தும் கூட்டுக்குடித்தனம். பாசி வெயிலை வைத்துச் சமைக்கிறது. பூஞ்சை வீடு கட்டி, ஈரம் பிடித்து வைக்கிறது. இப்படி வாழ்பவற்றுக்கு லைக்கன் என்று பெயர். மலைப்பாறை, மரப்பட்டை, கோயில் மதில் எங்கும் திட்டுத்திட்டாகப் படர்ந்திருக்கும். நாம்தான் நின்று பார்ப்பதில்லை.

நின்று பார்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் சுவீடன் நாட்டு எரிக் ஆக்காரியஸ். 1757இல் பிறந்தவர். பேராசான் லின்னேயஸின் கடைசி மாணவர்களில் ஒருவர். லின்னேயஸ் 1753இல் எண்பது வகை லைக்கன்களை ஒரே பேரினத்தில் போட்டுவிட்டார். எங்கள் அலுவலக மொழியில் சொன்னால், 'இதர' என்று மேலே எழுதி ஒரே கோப்பில் கட்டி வைத்த மாதிரி. அந்தக் கட்டை அவிழ்த்துப் பிரித்தவர் ஆக்காரியஸ். 1803இலும் 1810இலும் அவர் எழுதிய நூல்கள்தான் இந்தத் துறைக்கு அஸ்திவாரம். ஆனால் உத்தியோகம் என்னவோ வாட்ஸ்டேனா என்ற சிற்றூரில் நகர வைத்தியர். நாடி பார்த்த நேரம் போக மீதியில் லைக்கன் பார்த்தார். 1819இல் காலமானார்.

அவர் பிரித்து வைத்த வழியில் நம் நீலகிரியும் ஏட்டில் ஏறியது. ஏற்றியவர்கள் இரண்டு பிரெஞ்சுப் பெயர்க்காரர்கள். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். நெப்போலியனின் போர்களை வரிசை மாறாமல் ஒப்பித்திருக்கிறேன், இவர்கள் பெயரை எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

ஒருவர் ழார்ழ் சாமுவேல் பெரோத்தே. 1793இல் சுவிட்சர்லாந்தில் பிறந்து, பாரிஸில் தோட்ட வேலையில் தொடங்கியவர். பிரெஞ்சு அரசு இவரைக் கப்பலேற்றி அனுப்பியது பயன்படும் செடிகளைத் தேடிக்கொண்டு வர. 1821இல் மணிலாவிலிருந்து ஒரு முசுக்கொட்டை வகையைப் பிரான்சுக்குக் கொண்டுபோனார். பட்டுப்புழுவுக்கு அது அருமையான தீனி. உடுமலைப் பக்கம் பட்டுக்கூடு வளர்க்கிறவர்களுக்கு அந்தத் தேடலின் அருமை புரியும். பிறகு செனகல், பிறகு புதுச்சேரி. 1830களில் நீலகிரி ஏறியபோது பூக்கும் செடிகளோடு நிற்காமல், பாறையிலும் பட்டையிலும் ஒட்டியிருந்ததையும் சுரண்டிப் பொட்டலம் கட்டினார். அதைக் கேட்டு யாரும் அவரை அனுப்பவில்லை.

பொட்டலங்கள் போய்ச் சேர்ந்தது கமில் மொந்தாஞ் என்பவரிடம். இவர் கதை எனக்குத் தனிப் பிரியம். பதினான்கு வயதில் நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு போனவர். பிறகு ராணுவ வைத்தியர். 1832இல், நாற்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகுதான் முழுநேரமும் நுண்ணோக்கியும் பூவாத் தாவரங்களும். ஓய்வு பெற்றதும் திண்ணையும் செய்தித்தாளும் என்று உட்கார்ந்துவிடுகிற நம்மைப் போன்றவர்கள் கவனிக்க. பெரோத்தே சேகரித்த நீலகிரிப் பாசிகள், பூஞ்சைகள், லைக்கன்கள் இவற்றை எல்லாம் பெயர் சூட்டி 1842இல் ஒரு பிரெஞ்சு இயற்கை அறிவியல் இதழில் வெளியிட்டார். மொந்தாஞ் நீலகிரியைப் பார்த்ததில்லை. பாரிஸில் உட்கார்ந்துகொண்டு எழுதியது.

மொந்தாஞ் பெயரிலேயே ஒரு லைக்கன் உண்டு: ரொசெல்லா மொந்தாஞி. பெயர் வைத்தவர் புதுச்சேரி தாவரத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெலான்ழே. நம் கிழக்குக் கடற்கரையோர மரங்களில் சாம்பல் நிறத் தாடி போலத் தொங்கும். நம் ஊர்ச் சாயக்காரர்களுக்கு இது சுவாரசியமாக இருக்கும்: ரொசெல்லா இனத்தை அமோனியாவில், பழைய காலத்தில் புளித்த மூத்திரத்தில், ஊறவைத்தால் ஊதாச் சாயம் இறங்கும். பட்டும் கம்பளியும் அதை நன்றாகப் பிடிக்கும், பருத்தி பிடிக்காது. 1856இல் இங்கிலாந்தில் பெர்கின் செயற்கை ஊதாவைக் கண்டுபிடித்த பிறகு அந்த வியாபாரம் படிப்படியாகப் படுத்தது. அமிலமா காரமா என்று பார்க்கிற லிட்மஸுக்கும் மூலம் இந்த வகை லைக்கன்தான்.

பெரோத்தே இடையில் பிரான்சுக்குப் போனவர், 1843இல் புதுச்சேரிக்கே திரும்பி வந்துவிட்டார். அங்கிருந்த தாவரத் தோட்டத்தை வளர்த்து, அதன் செடிகளுக்கு 1867இல் ஒரு பட்டியல் நூலும் போட்டு, 1870இல் அந்த ஊரிலேயே கண்மூடினார். மொந்தாஞின் சேகரிப்பு பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், உலர்ந்து போய், பத்திரமாக இருக்கிறது.